வறும்புனமும் விடுமுறை வேனிலும்: கல்லூரிக்கு முந்தைய கோடைக் காதலை அகமரபின்வழி நோக்கல்

ஆய்வுச்சுருக்கம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடைப்பட்ட கோடை, தமிழ்நாட்டுப் பதின்பருவக் காதல் முதன்முதலாகப் பிரிவை எதிர்கொள்ளும் காலமாக உள்ளது. புனங்காவல், இற்செறிப்பு, ஓதற்பிரிவு, வரைவு, அலர் ஆகிய அகப்பொருட் கருத்தாக்கங்களைக் கொண்டு இக்காலத்தை விளக்க இக்கட்டுரை முயல்கின்றது. மரபுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள ஒப்புமைகளோடு, மரபிலக்கணம் பொருந்தாமல் விலகும் இடங்களுக்கும் இங்குக் கூடுதல் கவனம் தரப்படுகின்றது. ஓதற்பிரிவு கற்பிலிருந்து களவுக்கு இடம்பெயர்ந்ததும் பெண்ணும் ஓதலுக்கு உரியவளானதும் சேர்ந்து, களவின் மறைவுக்குப் புதியதொரு காரணத்தைத் தந்துள்ளன என்பது கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஓதற்பிரிவு, களவு, புனங்காவல், இற்செறிப்பு, அலர், வேனில், பதின்பருவம், உயர்கல்வி.

முன்னுரை

இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குத் தொல்காப்பிய அகத்திணையியலை அறிமுகப்படுத்திய வகுப்பொன்றில், ஓதல், பகை, தூது எனப் பிரிவின் வகைகளைக் கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர், "படிக்கப் போறது எப்பவும் தலைவன் மட்டுந்தானா அம்மா?" என வினவினார். நூற்பாவின்படி இதற்கு விடை கூறுதல் எளிது. ஆம், எப்போதும் தலைவன்தான். ஆயின் அவ்வினாவை எழுப்பியவரே சில திங்களுக்கு முன்னர்த் தம் ஊரை விட்டுக் கல்லூரி விடுதிக்கு வந்தவர். அவ்வகுப்பில் இருந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறு வந்த பெண்களே. பாடநூலில் தலைவி இருக்கின்றாள். பாடம் கேட்கும் தலைவியோ பிரிந்து வந்திருக்கின்றாள். இம்முரணே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

அகமரபு பதின்பருவத்தாரைப் பற்றியது என்பதைப் பாடம் நடத்துங்கால் நாம் பெரும்பாலும் மெல்லக் கடந்துவிடுகின்றோம். இறையனார் களவியலுரை தலைமகனைப் பதினாறு ஆண்டினனாகவும் தலைமகளைப் பன்னிரண்டு ஆண்டினளாகவும் குறிக்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பத்துவகை ஒப்புகளுள் ஆண்டும் ஒன்று. இவ்வெண்கள் புலனெறி வழக்கைச் சார்ந்தவை. அக்காலச் சமூகத்தின் மணவயதைக் காட்டும் சான்றுகளாக அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. இருப்பினும் விளையாட்டுப் பருவம் நீங்கும் எல்லையில் நிற்பவர்களே அகமாந்தர் என்பதில் ஐயமில்லை. சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றியிழுத்துச் சண்டையிட்ட இருவர் இன்று காதலராய் வழிச்செல்வதைக் கண்டோர் வியப்பதாக மோதாசனார் பாடுவதும் (குறுந். 229), மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்பன் பின்னொருநாள் தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் வந்து நிற்பதாகக் குறிஞ்சிக்கலி காட்டுவதும் (கலி. 51) இவ்வெல்லைப் பருவத்தின் சித்திரங்களே.

எனவே இன்றைய பதின்பருவக் காதலை அகமரபோடு வைத்து நோக்குவது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது. எனினும், இன்றைய ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு துறைப்பெயர் சூட்டி நிறைவடையும் போக்கு நம் ஆய்வுகளில் மிகுந்துள்ளது. அவ்வாறு பெயர் சூட்டுவதால் பழம்பாடலும் விளங்குவதில்லை, இன்றைய வாழ்வும் விளங்குவதில்லை. இலக்கணம் எங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தாது நின்றுவிடுகின்றது என்னும் இரண்டையும் காண்பதே பயன்தரும்.

கொய்த புனம்

குறிஞ்சிக் களவின் முதன்மையான நிகழிடம் தினைப்புனம். தலைவி இல்லத்துக்கு வெளியே நாள்முழுதும் இருப்பதற்குக் குடும்பமும் ஊரும் ஒப்புக்கொண்ட காரணம் புனங்காவல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கும்போது, தங்களைப் புனத்துக்கு அனுப்பியவளே செவிலிதான் என்பதையும், கிளியோட்டிவிட்டுப் பொழுது சாயும்போது திரும்பிவருமாறு அவள் சொல்லியனுப்பியதையும் நினைவூட்டுகின்றாள். காதல் நிகழ்ந்த இடமும் நேரமும் குடும்பம் தந்தவை என்பது தோழியின் வாதத்தில் அடங்கியிருக்கும் நுட்பம்.

அவ்விடத்தின் ஆயுள் பயிரின் ஆயுளே. தினை முற்றினால் கொய்தாக வேண்டும். கொய்தபின் காவலுக்குத் தேவையில்லை. காவல் இல்லையேல் தலைவி வெளியே வரக் காரணமில்லை. இற்செறிப்பு என்பது தாய் ஐயுற்றதால் மட்டும் நிகழ்வதன்று. யாரும் யாரையும் ஐயுறாத நிலையிலும், அறுவடை என்னும் இயல்பான நிகழ்வே தலைவியை வீட்டுக்குள் கொண்டுசேர்த்துவிடும். வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்தது எனக் குறவர் அறிவர். அதனாலேயே நாள் குறித்துத் தரும் கணியனாக வேங்கை உருவகிக்கப்பட்டது. தோழியின் பழிச்சொல்லுக்கும் ஆளாயிற்று. திருக்கோவையாரின் பகற்குறி அதிகாரம் இந்நிகழ்ச்சியைப் படிப்படியாகக் கிளவிகளாக்கியுள்ளது. தினை முதிர்ந்தமை கூறுதல், தினையொடு வெறுத்தல், வேங்கையொடு வெறுத்தல், கொய்தமை கூறுதல் எனச் சென்று, தலைவன் வெறும் புனத்தைக் கண்டு வருந்துவதாகவும் பின்னர்த் தலைவியின் பதியை நோக்கி வருந்துவதாகவும் அது முடிகின்றது.

மேல்நிலைப்பள்ளியை இவ்விடத்தில் வைத்து நோக்கினால் கோடையின் தன்மை தெளிவாகின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்ணுக்குப் பதினேழு வயதில் வீட்டைவிட்டு வெளியே இருப்பதற்கு ஊர் ஒப்பிய காரணம் படிப்பு. பள்ளி, மாலைநேரத் தனிப்பயிற்சி வகுப்பு, பேருந்து நிறுத்தம், மதிப்பெண் பெறுவதற்கென நடத்தப்படும் சிறப்பு வகுப்பு ஆகிய எல்லாம் அக்காரணத்தின் கிளைகள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்னும் கட்டளையும் மாறாதிருக்கின்றது. பங்குனியில் பொதுத்தேர்வின் இறுதித்தாள் எழுதி முடித்த பிற்பகலில் அக்காரணம் ஒரே நாளில் இல்லாமற் போகின்றது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. வெளியே செல்ல வேண்டிய தேவை மட்டும் நீங்கிவிட்டது. இதுவும் அறுவடையால் நேரும் இற்செறிப்பே. தேர்வுக் கால அட்டவணை வெளிவரும் நாளே வேங்கை பூக்கும் நாள்.

இவ்வொப்புமையில் இரு வேறுபாடுகளைக் கருத வேண்டும். முதலாவது, தினைப்புனம் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கப்படும். பள்ளிக்குத் திரும்பும் பருவம் இல்லை. இரண்டாவது, கொய்த புனம் தலைவனையும் தலைவியையும் அவரவர் ஊரிலேயே விட்டுவைக்கின்றது. கோடையோ இருவரையும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு நடைபெறும் காலம். தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகின்றது. அதன்பின் தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, சேர்க்கைக் கடிதம் எனத் தொடர்ந்து, ஆனியிலோ ஆடியிலோ வகுப்புகள் தொடங்குகின்றன. தொல்லிலக்கணம் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் வகுத்தது. இளவேனிலில் காத்திருந்து முதுவேனிலில் பிரியும் இன்றைய வரிசை, பாலைத்திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாக வகுத்த நூற்பாவோடு ஒத்துப்போவது வியப்புக்குரியது. ஆயினும் காரணம் வேறு. பழம்பாடலில் வேனில், செல்லும் வழியை வெம்மையாக்குகின்றது. இன்று கல்வியாண்டின் கணக்குத்தான் பிரிவை வேனிலில் கொண்டுவந்து வைக்கின்றது. ஐங்குறுநூற்றின் இளவேனிற் பத்தில் பருவம் வந்தும் அவர் வரவில்லை என்பதே தலைவியின் ஏக்கம். கோடைவிடுமுறையின் ஏக்கத்திலோ அவர் இன்னும் சென்றிலர். பருவம் முடியும்போது செல்வார். வரப்போகும் பிரிவை எண்ணி உடனிருக்கும்போதே வருந்தும் இந்நிலையை மரபு செலவழுங்குவித்தலில் ஓரளவு தொட்டுள்ளது. (அப்பத்தைப் பாடியவர் பெயர் ஓதலாந்தையார் என்பதைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். ஓதல் என்பதை அவரது ஊர்ப்பெயராகக் கொள்வர் என அறிந்தபின் அதனை வாதத்தில் சேர்க்கவில்லை.)

ஓதற்பிரிவின் இடம்

தொல்காப்பியம் பிரிவுகளை எண்ணுமிடத்து ஓதலை முதலில் வைக்கின்றது. இறையனார் அகப்பொருளும் தன் அறுவகைப் பிரிவுகளுள் ஓதலையே முதலாகக் கூறும். எனினும் இலக்கணத்தில் முன்னிற்கும் ஓதல் இலக்கியத்தில் பின்தங்கிவிட்டது. பாலைப்பாடல்களில் தலைவன் பொருள் தேடியே மிகுதியும் பிரிகின்றான். கல்விக்காகவே பிரிந்தான் என ஐயமின்றிச் சுட்டத்தக்க சங்கப்பாடலைத் தேடுவோர் பெரிதும் இடர்ப்பட வேண்டியுள்ளது. பிற்காலத்துத் திருக்கோவையாரிலும் இவ்விகிதம் மாறவில்லை. பொருள்வயிற்பிரிவுக்கு 20 பாடல்கள் அமைய, ஓதற்பிரிவு நான்கே பாடல்களில் முடிந்துவிடுகின்றது. அந்நான்கனுள் முதற்கிளவி கல்விநலங் கூறல் என்பது. தலைவன் கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க, அவன் பிரியப்போகின்றான் என்பதை அவ்வுரையிலிருந்தே உணரவேண்டியுள்ளது. கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியின் பெருமையை ஒருவன் விரித்துரைக்கும்போது எதிரிலிருப்பவள் அவ்வூரின் தொலைவைக் கணக்கிடும் இன்றைய காட்சிக்கு இக்கிளவி மிக அண்மையில் நிற்கின்றது.

ஓதற்பாடல்கள் அருகியமைக்குக் காரணம் நூற்பாவிலேயே உள்ளது. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. உயர்ந்தோர் யார் என்பதை உரையாசிரியர்கள் வருணப் பாகுபாட்டோடு இயைத்து விளக்கினர். பொருள் எல்லார்க்கும் தேவைப்பட்டது. கல்விக்காக ஊர்விட்டுச் செல்லும் உரிமை சிலர்க்கே இருந்தது.

நம் பொருளுக்கு இதனினும் இன்றியமையாதது ஓதற்பிரிவு வைக்கப்பட்ட இடம். அதன் கால எல்லையைத் தொல்காப்பியம் கற்பியலில் கூறுகின்றது. திருக்கோவையார் மணஞ்சிறப்புரைத்தலுக்குப் பின்னரே ஓதற்பிரிவை வைக்கின்றது. மணந்தவன் மனைவியை இல்லில் இருத்தி, கல்வி கற்கச் சென்று, குறித்த காலத்துள் மீள்வான். கோவை மரபில் களவுக்கு உரியனவாக வரும் பிரிவுகள் வேறு: அலர் அடங்கும்பொருட்டுச் சிலநாள் விலகியிருக்கும் ஒருவழித்தணத்தல், மணத்துக்குரிய பொருளைத் தேடிச் செல்லும் வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல். இரண்டும் வரைவை நோக்கியே செல்பவை. களவில் நிற்பவன் ஓதலுக்குப் பிரிவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. இடம் மறுக்கப்பட்டது என்பதைவிட, அத்தகைய தேவையே எழவில்லை என்பது பொருந்தும்.

இன்றைய கோடையில் நிகழ்வது அதுவே. மணம் என்பது கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்க, ஓதல் களவின் நடுவில் வந்து நிற்கின்றது. பிரிகின்றவன் மீள்வான் என்பதற்குக் கற்பு தந்த உறுதி இங்கில்லை. ஓதலும் வரைவை நோக்கிய செயலாக அமைவதில்லை. பல வேளைகளில் வரைவிலிருந்து விலகும் வழியாகவே அமைகின்றது.

திங்கள் இரண்டும் யாண்டு மூன்றும்

களவு நீடிக்கும் காலத்தை இறையனார் அகப்பொருள் இரண்டு திங்களுக்குள் அடக்கியது. ஓதலின் காலம் மூன்று யாண்டைக் கடவாது என்பது தொல்காப்பியம். நம்பியகப்பொருளும் அதனையே வழிமொழிகின்றது. கோடைவிடுமுறை ஏறத்தாழ இரண்டு திங்கள் என்பதும் இளங்கலைப் பட்டம் மூன்றாண்டு என்பதும் தற்செயலான பொருத்தங்கள். அவற்றிலிருந்து எதையும் நிறுவ இயலாது. ஆயின் அவ்வெல்லைகள் எதற்காக வகுக்கப்பட்டன என்பது கருதத்தக்கது. இரண்டு திங்கள் என்னும் எல்லை வரைவை விரைவுபடுத்துகின்றது. தோழியின் கூற்றுகளில் பெரும்பகுதி வரைவுகடாதலாக அமைவது இதனாலேயே. களவு எவ்வளவு இனியதாயினும் அது மணத்தில் சென்று முடிதல் வேண்டும், விரைவாக முடிதல் வேண்டும் என்பது மரபின் உறுதியான நிலைப்பாடு.

இன்று தோழி எதனை முன்வைத்து வரைவு கடாவ முடியும்? இவ்வினாவுக்கு 1978ஆம் ஆண்டை நோக்க வேண்டும். அதற்கு முன் தமிழ்நாட்டில் பதினோராண்டுப் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபின், கல்லூரியில் நுழையும் முன் பள்ளியிலேயே பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளைக் கடக்க வேண்டியதாயிற்று. ஒரே வளாகத்தில், பல ஊர்களில் ஒரே வகுப்பறையில், பதினேழு வயதினர் இருவர் மேலும் ஓராண்டு உடன்பயிலும் நிலை அதனால் உருவாயிற்று. அதே 1978இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத் திருத்தம் மணவயதைப் பெண்ணுக்குப் பதினெட்டாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்த்தியது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று கருதி எடுக்கப்பட்டவை அல்ல. எனினும் ஒருபுறம் காணும் வாய்ப்பு நீள, மறுபுறம் வரைவு தள்ளிப்போயிற்று. கல்லூரிக்கு முந்தைய கோடையின் வடிவம் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அமைந்தது.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இருவரிடம் வரைவு கடாவுதல் பொருளற்றது. ஆணுக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் உள்ளன. பெண் பதினெட்டு நிறையாதவளாயின் உடன்போக்கும் குற்ற வழக்காகிவிடும். 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் பதினெட்டுக்குக் குறைந்தவரின் இசைவை இசைவாக ஏற்பதில்லை. பதின்பருவக் காதலர்களை இச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளிகளாக்குவது அதன் நோக்கமன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் கருத்துரைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டும் பதினாறும் என்ற உரைமரபின் எண்களை வகுப்பில் கூறும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இவ்விடத்தில் சற்றுத் தயங்கவே செய்வர். அத்தயக்கத்தை மறைக்காது மாணவரிடம் பகிர்வது நல்லது.

வரைவு இல்லாத களவுக்கு எல்லை இல்லை. இரண்டு திங்களில் முடியவேண்டியது நான்காண்டு, ஐந்தாண்டு நீளலாம்; முதற்பருவத் தேர்வுக்கு முன்பே தேய்ந்தும் போகலாம். இரண்டுக்கும் துறை வகுக்கப்படவில்லை. அன்பு மெல்லக் குறைந்து நின்றுவிடுதல் என்பது அகமரபு எண்ணிப்பாராத ஒன்று. பரத்தையிற் பிரிவுகூட ஊடலாகி வாயிலில் வந்து நிற்கின்றது. எவர்மீதும் குற்றமின்றி, வேறோர் ஊரின் புதிய நட்புகளுக்கிடையே முன்னைய காதல் தானே மங்குவது இன்றைய ஓதற்பிரிவின் பெருவழக்கு. கைப்பேசி இதனைத் தடுக்கும் எனத் தோன்றலாம். அது தூதாகின்றது, வீட்டார் வாங்கிப் பார்க்கும்போது காவலுமாகின்றது, விடை வராத நாள்களை எண்ணிக் காட்டுவதில் சுவரில் கோடிட்டு நாளெண்ணிய பழைய தலைவியின் வேலையையும் செய்கின்றது.

வெறும்புனம் காணல்

தமிழ்த் திரைப்படங்களுள் இக்களத்தைப் பொறுமையுடன் கையாண்டது சி. பிரேம்குமார் இயக்கிய 96 (2018). அதில் பிரிவு பத்தாம் வகுப்புக் கோடையில் நேர்கின்றது. தேர்வு முடிந்து விடைபெற்ற ஜானு, பதினோராம் வகுப்புத் தொடங்கும் நாளில் ராமைத் தேடுகின்றாள். அவன் குடும்பம் கடன்சுமையால் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குச் சென்றுவிட்டது. எனவே இது கல்லூரிக்கு முந்தைய கோடையினும் ஈராண்டு முற்பட்டது. பிரிவின் காரணமும் ஓதலன்று. பொருள் இல்லாமையே பிரிக்கின்றது. பொருள்வயிற் பிரிவில் தலைவன் தானே முடிவுசெய்து செல்கின்றான். இங்கோ தந்தையின் கடனுக்காக மகன் கொண்டுசெல்லப்படுகின்றான். பதின்பருவத்தார் தம் பிரிவைத் தாமே முடிவுசெய்யும் நிலையில் இல்லை என்பது மரபிலிருந்து விலகும் முதன்மையான புள்ளி. கல்லூரியும் பாடப்பிரிவும் வீட்டாரால் முடிவாகும் பெரும்பாலான குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இப்படத்தின் தொடக்கத்தில், பல்லாண்டுகள் கழித்துத் தஞ்சாவூர் வழியே செல்லும் ராம் தன் பள்ளிக்குள் நுழைந்து வெறிச்சோடிய வகுப்பறைகளைக் காண்கின்றான். வெறும்புனம் கண்டு வருந்தல் என்னும் கிளவிக்கு இதனினும் நேரான இன்றைய காட்சியை நான் கண்டதில்லை. ஆனால் திருக்கோவையாரில் அவ்வருத்தம் வரைவைத் தூண்டும் ஒரு படிநிலை மட்டுமே. கதை அதற்குமேல் நகர்கின்றது. 96இல் கதை முழுவதும் அவ்வெறும்புனத்திலேயே நிற்கின்றது. மேலும் ஒன்று: ஜானு வேறொருவரை மணந்து சிங்கப்பூரில் வாழ்கின்றாள், மணம் செய்யாமல், பழம்பொருள்களைப் பெட்டியில் வைத்துக் காத்திருப்பவன் ராம். முல்லையின் இருத்தல் ஆணுக்கு மாற்றப்பட்டுள்ளது. இடையில் அவன் அவள் பயிலும் மகளிர் கல்லூரிக்குத் தேடிச்சென்றும், வந்தவன் வேறொருவன் என அவள் தவறாக எண்ணியதால் காணாது திரும்புகின்றான். தூது சிதைவதால் நேரும் அப்பிழை கல்லூரி வாயிலில் நிகழ்வது பொருளுடையது. புனத்தில் தோழி உடனிருந்தாள். அவள் யாரென அறிவாள். கல்லூரி வாயிலில் சொல் கொண்டுசெல்பவருக்கு இருவரையும் தெரியாது.

எனினும் இப்படம் ஒன்றனைக் கடந்து சென்றுவிடுகின்றது. ஏக்கத்தின் அழகு அதில் நிறைந்துள்ள அளவுக்கு, அக்காதல் வெளிப்பட்டிருந்தால் பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்னும் அச்சம் அதில் இல்லை. அதனைக் காட்டியது பாலாஜி சக்திவேலின் காதல் (2004). மதுரையைச் சேர்ந்த பள்ளி மாணவி, இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் இளைஞனோடு சென்னைக்கு உடன்போக, சாதியின் வன்மம் இருவரையும் பின்தொடர்ந்து பிடிக்கின்றது. அவளுக்கு வேறொருவருடன் மணமாகின்றது. அவன் மனம் சிதைந்து தெருவில் அலைகின்றான். பாலைப்பாடல்களில் உடன்போக்கின் பின் செவிலி தேடிச் செல்கின்றாள். எதிர்வருவோர் அவளை ஆற்றுவித்துத் திருப்பி அனுப்புகின்றனர். இப்படத்தில் தேடிச்செல்பவரைத் திருப்பி அனுப்ப எவரும் இல்லை.

அலரும் ஓதலும்

அலர் களவை அச்சுறுத்துவது. அதுவே களவை வரைவை நோக்கி உந்துவதும் ஆகும். ஊர் பேசத் தொடங்கினால் தோழி அறத்தொடு நிற்பாள். செவிலி வழியாகச் செய்தி தாய்க்கும் தந்தைக்கும் செல்லும். நொதுமலர் வரைவு விலக்கப்படும். முடிவில் தலைவனே வரைந்துகொள்வான். மரபில் அலரின் இறுதி விளைவு பெரும்பாலும் தலைவிக்கு நன்மையாகவே முடிகின்றது.

கல்லூரிக்கு முந்தைய கோடையில் அலர் இவ்வழியில் செல்வதில்லை. தரவரிசைப் பட்டியல் வெளியாகும் முன் ஒரு பெண்ணின் காதல் வீட்டுக்குத் தெரிந்தால் அவள் முதலில் இழப்பது காதலனை அன்று, கல்லூரியை. விடுதியில் சேர்க்கும் எண்ணம் கைவிடப்படும். உள்ளூரில் எது கிடைக்கின்றதோ அது போதும் எனப்படும். சில வீடுகளில் பதினெட்டு நிறைவதற்காகக் காத்திருக்கும் நொதுமலர் வரைவு உடனே தொடங்கிவிடும். ஆணின் சேர்க்கைக் கடிதத்துக்கு அத்தகைய இடர் பெரிதும் நேர்வதில்லை. சாதி மாறிய காதலாயின் அவன் உயிருக்கே இடர் நேரலாம் என்பது வேறு. காதல் இருவருக்கும் ஒன்றாயினும், அது வெளிப்பட்டால் ஒவ்வொருவரும் இழப்பது ஒன்றாக இல்லை.

இதனால் களவின் மறைவு பொருள் மாறிவிடுகின்றது. அகமரபில் தலைவி மறைப்பதற்கு நாணும் ஊரின் வாய்க்கு அஞ்சும் அச்சமும் காரணங்கள். இன்று அவற்றோடு, பல இடங்களில் அவற்றுக்கும் மேலாக, ஓதலைக் காத்தல் ஒரு காரணமாகின்றது. தோழி அறத்தொடு நிற்றல் மரபில் தலைவிக்குச் செய்யும் பேருதவி. இன்றைய தோழி அவ்வாறு நின்றால் அது அவளுடைய படிப்பைக் கெடுத்ததாகவே முடியும். எனவே வாய்திறவாமையே நட்பின் கடமையாகின்றது. அகமரபின் முதன்மையான கூற்றாளர் ஒருவரின் பணி இவ்வாறு தலைகீழாகத் திரும்பியிருப்பதை இக்கால அகப்பொருள் ஆய்வுகள் போதிய அளவில் கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

பெண்ணின் ஓதல் குறித்துப் பழம்பாடல்கள் முற்றும் வாய்மூடியிருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் நச்செள்ளையாரும் கல்லாது பாடியிருக்க இயலாது. எனினும் கற்ற பெண்டிர் வாழ்ந்த அச்சமூகத்தின் இலக்கணம், தலைவியைக் கற்கச் செல்பவளாக ஒருமுறையும் நினைக்கவில்லை. நற்றிணையில் போதனார் பாடிய பாட்டு (நற். 110) இங்கு நினைவுக்கு வருகின்றது. பாலுண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடிய சிறுமி, கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாது பொழுது மறுத்து உண்ணுகின்றாள். இப்பக்குவத்தை இவள் எங்கே கற்றாளோ எனச் செவிலி வியக்கின்றாள். பெண் கற்றல் என்பது அங்கு மணந்தபின், புகுந்த வீட்டில், வறுமையின் வழியாக நிகழ்கின்றது.

2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதில் பெரிய இடைவெளி இல்லை. அரசுப்பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. உயர்ந்தோர்க்கு மட்டும் என வகுக்கப்பட்ட ஓதல், தலைவிக்கும் உரியதாகிவிட்டது. இருவரும் பிரிந்து செல்லும்போது முல்லைக்கு ஆள் இல்லை. இருவரும் பாலையில் நடக்கின்றனர், வெவ்வேறு திசைகளில். மீறி ஒருத்தி ஊரில் இருக்க நேர்ந்தால், அது ஆற்றியிருத்தல் ஆகாது. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, அல்லது செல்ல விடவில்லை என்பதே பொருள்.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகின்றது. மாணவர் தம் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவுசெய்ய வேண்டும். அவ்வரிசை பெரும்பாலும் வீட்டிலோ கணினி மையத்திலோ, தந்தையோ அண்ணனோ அருகில் இருக்க நிரப்பப்படுகின்றது. அவன் செல்லவிருக்கும் ஊரின் கல்லூரியை முதலில் வைத்தால் காரணம் கேட்கப்படும்; கீழே வைத்தால் அது கிடைக்காமற் போகலாம். மதிப்பெண் ஒன்றையே காரணமாகச் சொல்லி அவ்வூரை மூன்றாவதோ நான்காவதோ இடத்தில் வைக்கின்றாள் ஒருத்தி. வகுப்பில் அவ்வினாவை எழுப்பிய மாணவி, அதற்குப் பின்னர் ஒருநாள், தாம் விரும்பிய ஊர்க் கல்லூரியைத் தம் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்று மட்டும் கூறினார். ஏன் என நான் கேட்கவில்லை.